எல்லோரும் எழுதுங்கள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே வேலம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குக்கரில் பருப்பைப் போட்டவள் தண்ணீர் ஊற்ற மறந்தாள். தீய்ந்த வாசனை முன்னறைவரை வந்த பிறகுதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"இன்னைக்கு என்ன, வறுத்த பருப்பா?" என்றார் சுப்பையா. தில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் பம்ப் ஹவுஸில் இரவு ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கணுக்கால்வரை சுருட்டிய பேன்ட்டில் கிரீஸும் சேறும் அப்பியிருந்தன.

"நீங்க வேற. சாயந்திரத்துக்குள்ள என் தலை நிக்குமா உருளுமான்னு இருக்கு."

"நிக்கும் நிக்கும். கம்ப்யூட்டர்ல தலை ஒண்ணுதானே தெரியும்? அதுவும் உருண்டுட்டா அப்புறம் என்னத்தைக் காட்டுவே?"

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. கரோல் பாக்கில் அவள் வேலை பார்க்கும் வைகறைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர், ஓய்வு பெற்ற அரசு அதிகாரி விஸ்வநாதன், போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். அடுத்த பருவத்திலிருந்து நொய்டா, குர்கான், ஃபரீதாபாத் என்று சிதறிக் கிடக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆன்லைனில் தமிழ் வகுப்பு. ஆசிரியைகள் எல்லோருக்கும் பயிற்சி. முடிவில் ஆளுக்கு ஒரு மாதிரி வகுப்பு, அவர் கண் முன்னால். தேறினால் ஒப்பந்தம் நீளும். தேறாவிட்டால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

வேலம்மாள் வருஷா வருஷம் அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கரோல் பாக் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். அதே சந்துகளில் மகள் 'டீச்சர்' என்று பெயர் வாங்கி நடக்கிறாள் என்றால் அது சும்மா வந்ததில்லை. பகலில் வேலை, ராத்திரி அஞ்சல் வழிப் படிப்பு என்று முதுகு ஒடிய வாங்கிய பெயர். அது போய்விட்டால் அந்தச் சந்தில் எந்த முகத்தோடு நடப்பது?

இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பள்ளி அமர்த்திய நொய்டா கம்பெனி, பயிற்சி கொடுக்க அனுப்பிய ஆள் வேலம்மாளின் சொந்த மகள் ஷ்வேதா. கம்பெனியில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொந்தக்காரர்களை மதிப்பிடக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் ஷ்வேதாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தேடி வந்த முதல் பெரிய வேலையை விட அவளுக்கு மனசு வரவில்லை. ஆகவே மகள் கம்பெனியில் வாய் திறக்கவில்லை. அம்மா பள்ளியில் வாய் திறக்கவில்லை. பயிற்சி நேரத்தில் மகள் அம்மாவை "மேடம்" என்பாள். அம்மாவும் மகளை "மேடம்" என்பாள். வீட்டுக்கு வந்ததும் அதே மேடத்தைத் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கச் சொல்லித் திட்டுவாள்.

ஈரத் தலையைச் சீவிக்கொண்டே ஷ்வேதா வந்தாள். சனிக்கிழமையும் அவளுக்கு ஆபீஸ் உண்டு.

"அம்மா, கடைசியா ஒருவாட்டி சொல்லு. லிங்க்கைத் தொட்டு உள்ள வந்துட்டே. அப்புறம்?"

"மைக்கு. அப்புறம் கேமரா."

"ஸ்கிரீன் ஷேர்?"

"கீழ. பச்சையா இருக்கும்."

"ஷேர் பண்றதுக்கு முன்னாடி வாட்ஸாப்பை மூடணும். முந்தாநாள் சுபாஷிணி டீச்சர் மறந்துட்டாங்க. அவங்க மாமியாரோட மூல வியாதி மருந்தை மொத்த பேட்சும் பார்த்துச்சு."

"மூடிடுவேன்."

"அப்ப என்ன பயம்? நீதான் பேட்ச்லயே பெஸ்ட்டு. சத்தியமா. என் அம்மாங்கறதுக்காகச் சொல்லல."

வேலம்மாள் கரிந்த குக்கரைத் தேய்த்தபடியே சொன்னாள். "அந்தச் சாட்டு இருக்கே, பிள்ளைங்க எழுதற பெட்டி. அதை மூடி வெச்சிடு."

"எதுக்கு? நல்ல டூல்மா அது. எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்துல பதில் எழுதலாம். நானே அதைத்தானே ரெண்டு நாளா சொல்லிக் குடுத்தேன்?"

"எழுத வேணாம்டி. மூடு."

ஷ்வேதாவின் சீப்பு நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் சின்ன வயசில் அம்மாவின் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான்.

வேலம்மாள் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். கேட்டால் புரிந்துகொள்வார்கள். எழுத்துதான் மண்டையில் ஏறாது. நாள் முழுக்க இந்தியும் இங்கிலீஷும் எழுதிவிட்டு, பசியோடும் தூக்கத்தோடும் தமிழ் வகுப்புக்கு வருகிறவர்கள். அதனால் வேலம்மாள் போர்டில் ஒரு தமிழ் வரியை எழுதுவாள். அதே தமிழ்ச் சொற்களை அதற்குக் கீழே இந்தி எழுத்தில் பொடியாக எழுதுவாள். பிள்ளைகள் கீழ் வரியைப் பார்த்து மேல் வரியைப் படிப்பார்கள். நாலு நாள் படித்தால் பாடம் மனப்பாடம். யாராவது பார்வைக்கு வருகிறார்கள் என்றால் கீழ் வரியை அழித்துவிட்டால் போதும். பிள்ளைகள் கணீரென்று படித்துக் காட்டும். பரீட்சைக்கும் கேள்வி போடுகிறவள் அவள், திருத்துகிறவளும் அவள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வழியைக் காட்டியவள் சுபாஷிணி. "ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுத்துட்டு உக்காந்தா வருஷம் முடிஞ்சிடும் வேலு. கீழ ஒரு வரி போடு. அதுங்களும் பாஸ், நாமளும் பாஸ்." அந்தப் பள்ளியில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

வகுப்பறையில் அத்தனை வாயும் சேர்ந்து கத்தும்போது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கம்ப்யூட்டரிலோ ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் வேலம்மாளின் பயம்.

"மூடி வெக்கறேன்," என்றாள் ஷ்வேதா. குரல் இறங்கியிருந்தது. "ஆனா உங்க செயலாளர் கேட்டா நான் திறந்துதான் ஆகணும். எங்க மேனேஜர் அர்விந்தும் இன்னைக்கு உக்காரப் போறார்."

"அவரு கேக்க மாட்டாரு. அப்படி ஒரு பெட்டி இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"ரிடையர்டு ஆபீசரை லேசா நினைக்காத," என்றார் சுப்பையா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இல்லாத ஃபைலையே தேடி எடுக்கற ஆளுங்க."

*

மதியம் வீட்டைப் பார்த்தால் வீடு மாதிரி இல்லை. படுக்கையறையில் இஸ்திரி போட்ட போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு அதன் முன்னால் வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மேலே பட்டுப்புடவை மாதிரி ஒரு புடவை. காலில் ரப்பர் செருப்பு. தூங்க வேண்டிய சுப்பையா வாசலில் காவல் நின்றார். "ஆலூ, பியாஜ்" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்த உருளைக்கிழங்கு வெங்காய வண்டிக்காரனிடம், "பையா, ஆகே ஜாவோ, இங்க பரீட்சை நடக்குது," என்று இந்தியில் பாதி, தமிழில் பாதியாக, தள்ளிப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

திரையில் பெட்டிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பிள்ளைகள் தலை வாரி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தன. விஸ்வநாதனின் பெட்டியில் அவர் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. சுபாஷிணி லிப்ஸ்டிக் போட்டிருந்தாள். அவளுடைய மாதிரி வகுப்பு அடுத்த வாரம். இன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அர்விந்த் கேமராவை அணைத்திருந்ததால் வெறும் கறுப்புப் பெட்டி. அதன் பக்கத்தில் ஷ்வேதா, ஆபீஸ் சிரிப்போடு.

"வணக்கம் மேடம். ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம் மேடம்," என்றாள் அவளைப் பெற்றவள்.

பாடத்தின் பெயர் 'உப்பு வண்டி'. கடலோரத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் ஒரு வண்டிக்காரன் மழையில் மாட்டிக்கொள்ளும் கதை. வேலம்மாள் கீழே தேடிப் பிடித்து அழுத்தினாள். பச்சைப் பொத்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. பாடம் திரையில் வந்து நின்றது. கீழ் வரி இல்லாத, சுத்தமான தமிழ்.

"ஜ்யோத்ஸ்னா, நீ படிம்மா."

ஜ்யோத்ஸ்னா படித்தாள். நிறுத்தி, ஏற்றி, இறக்கி, வண்டிக்காரன் பேசும் இடத்தில் குரலைத் தடிக்கவைத்துப் படித்தாள். அடுத்து ப்ரசன்னா. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"வெரி குட், வெரி குட்," என்றது விஸ்வநாதனின் நெற்றி. "தில்லியில பொறந்த பசங்க இப்படிப் படிக்கறதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

வேலம்மாளுக்கு அன்றைக்கு முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. முடித்துவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"ட்ரெய்னர் மேடம், ஒரு சந்தேகம்," என்றார் விஸ்வநாதன். "உங்க கையேட்டுல சாட்னு ஒண்ணு போட்டிருக்கு. அது எனக்கு மட்டும் வரமாட்டேங்குதே?"

இங்கிலீஷில் இருந்த அந்தக் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே மனிதர் அவர்தான்.

"அது... இப்ப ஆஃப்ல இருக்கு சார்," என்றாள் ஷ்வேதா.

"ஏன்? முக்கியமான கருவின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

கறுப்புப் பெட்டி முதல்முறையாகப் பேசியது. "ஷ்வேதா, ஆன் கர் தோ." திறந்துவிடு என்கிறார் மேனேஜர்.

ஷ்வேதாவின் கண் ஒரு கணம் நேராக அம்மாவைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் கை மவுஸை நோக்கி நகர்ந்தது.

"திறக்காதடி!"

மைக் திறந்திருந்தது வேலம்மாளுக்கு நினைவில்லை. ப்ரசன்னா களுக்கென்று சிரித்தான்.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் விஸ்வநாதன்.

"இங்க... எங்க வீட்டுல சார். பக்கத்து வீட்டுப் பொண்ணு கதவைத் திறந்தா."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சாட் பெட்டியைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார். வாங்கியவள் சுபாஷிணி. அவள் கண் வேலம்மாளின் பெட்டிக்கும் ஷ்வேதாவின் பெட்டிக்குமாக ஒரு தடவை போய் வந்தது. லிப்ஸ்டிக் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"ஆங், வந்துடுத்து," என்றார் விஸ்வநாதன் குழந்தை மாதிரி. "குழந்தைகளே, உப்பு வண்டியை இழுத்த மாட்டோட பேர் என்ன? வாயால சொல்லக் கூடாது. எல்லோரும் எழுதுங்கள்."

பிள்ளைகள் குனிந்தன. டிக் டிக்கென்று பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. செவலை. செவலை. செவலை. எல்லாமே சரியான விடை. எல்லாமே இந்தி எழுத்து. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி, தலைக்கு மேல் கோடிழுத்துத் தொங்கும் எழுத்துகள். ஒரு பிள்ளை மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

விஸ்வநாதன் முன்னால் குனிந்ததில் நெற்றி பெட்டியை அடைத்தது. "இந்தியில வருதே?"

"போன்ல தமிழ் கீபோர்டு இல்ல சார்!" வேலம்மாள் பாய்ந்து பிடித்தாள். "எல்லாம் அப்பா, அம்மா போனு. அதான்."

"ஓ... வாஸ்தவம்தான்."

தப்பித்தோம் என்று வேலம்மாள் நினைத்தாள். விஸ்வநாதன் ஆயுள் முழுக்க ஆடிட் குறிப்புகளுக்குப் பதில் எழுதியவர் என்பதை மறந்துவிட்டாள்.

"அப்ப நோட்டுல எழுதுங்கோ. எழுதிட்டு கேமராவுக்கு நேரா பிடியுங்கோ."

பென்சில்கள் கரகரத்தன. மீட்டிங்கை விட்டு வெளியேறும் சிவப்புப் பொத்தான்மேல் வேலம்மாளின் மவுஸ் அம்பு நின்றது. ஒரு அழுத்து. கரன்ட் போச்சு என்று சொல்லிவிடலாம். விரல் அழுத்தவில்லை. அதற்குள் நோட்டுகள் எழுந்துவிட்டன. பிள்ளைகளின் முகங்கள் மறைந்து பெட்டிக்குப் பெட்டி கோடு போட்ட தாள் மட்டும் நின்றது. அத்தனையிலும் அதே கொடி, அதே தொங்கும் எழுத்து. ப்ரசன்னா மாட்டையே வரைந்திருந்தான்.

ஜ்யோத்ஸ்னா நோட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"மிஸ், நீங்க போர்டுல கீழ எழுதுவீங்கல்ல, அதே மாதிரிதான் எழுதினேன். டீக் ஹை, மிஸ்? சரியா?"

"கீழே எழுதுவாங்களா?" என்றார் விஸ்வநாதன் மெதுவாக. "மிஸ் கீழே என்ன எழுதுவாங்கம்மா?"

குழந்தை சொன்னது. மேல் வரி, கீழ் வரி, பெரிய சார் வந்தால் அழித்துவிடுவது, எல்லாம். மிஸ்ஸை நல்ல பெயர் வாங்க வைக்கிறோம் என்ற பெருமையோடு சொன்னது.

"சுபாஷிணி, உங்க வகுப்புலயும் இந்தப் பழக்கம்தானா?"

"சேச்சே! இல்ல சார்," என்றாள் சுபாஷிணி. "இப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்ல."

வேலம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரையில் அவளையே அவளுக்குத் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"திங்கள்கிழமை கமிட்டி கூடறது," என்றார் விஸ்வநாதன். "ட்ரெய்னர் மேடம், இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட் எனக்கு வந்துடணும். தமிழ்ல. கமிட்டியில எல்லாரும் தமிழ் படிக்கறவா."

"சார், நீங்களே நேர்ல பார்த்தீங்களே..."

"பார்த்தது போதாதும்மா. ஃபைல்ல இருக்கணும்."

*

போர்வையைச் சுவரிலிருந்து கழற்றி மடிக்கும் முன்பே போன் வந்தது. சுபாஷிணி.

"வேலு, கோவமா?"

"கேள்விப்பட்டதே இல்லியா நீ?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? ஆமா சார், நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லவா? உன்கூட நானும் கெணத்துல குதிக்கணுமா? எனக்கும் இந்த வேலையை விட்டா வேற நாதியில்ல."

"எனக்கு மட்டும் இருக்குதா?"

சுபாஷிணியின் குரல் தேன் மாதிரி வந்தது. "அந்த ட்ரெய்னர் பொண்ணு உன் பொண்ணுதானே?"

வேலம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"'திறக்காதடி'ன்னியே, அப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. கண்ணு அப்படியே உன் கண்ணு. சின்னப் பொண்ணா பெஞ்சில உக்காந்து பார்த்தது, இப்படி வளர்ந்து வந்து நிக்கும்னு இதுவரைக்கும் எங்களுக்குத் தோணலையே, என்ன மடச்சிங்க நாங்க!" சிரித்தாள். "பயப்படாத. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சார்கிட்டயும் சரி, அவ கம்பெனியிலயும் சரி. நீயும் என்னைப் பத்தி வாயைத் திறக்காத. அச்சா? அவ்ளோதான் விஷயம்."

*

மெட்ரோவிலிருந்து இறங்கி ஷ்வேதா வீட்டுக்கு வந்தபோது தெரு விளக்குகள் போட்டாயிற்று. பையை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள். மறுபடி தண்ணீர் குடித்தாள்.

"உங்க மேனேஜர் கேட்டாரா?" என்றாள் வேலம்மாள். "நான் 'டி' போட்டதை?"

"கேட்டார். தமிழ்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, பாசம்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பிட்டார். இந்திக்காரர், அவருக்கு என்ன தெரியும்?"

சுபாஷிணி போன் பண்ணியதை வேலம்மாள் சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

சுப்பையா பாயில் எழுந்து உட்கார்ந்தார். "வகுப்பைப் பதிவு பண்ணின அந்த வீடியோவை அழிச்சிடேம்மா. அப்புறம் யாரு என்ன சொல்ல முடியும்?"

"செயலாளர் கண்ணால பார்த்துட்டார்ப்பா. அழிச்சு என்ன ஆகப் போகுது? இப்ப ரிப்போர்ட்டு எழுதணும். தமிழ்ல." ஷ்வேதா லேப்டாப்பைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள். "நீதான் எழுதணும்."

"நானா? என்னைப் பத்தி நானே எழுதறதா?"

"வேற யாரு எழுதுவா? எனக்குப் படிக்கவும் வராது, எழுதவும் வராதே."

"பேசினா மெஷினே எழுதிடுமாமே?" என்றார் சுப்பையா.

"எழுதும்ப்பா. சரியா எழுதிச்சான்னு யாரு பார்க்கறது? தப்பா ஒண்ணு போனா அந்தப் பெரியவர் கண்டுபிடிச்சிடுவார், எனக்குத் தமிழ் தெரியாதுன்னு. இன்டர்வியூல படிப்பேன், எழுதுவேன், பேசுவேன்னு மூணுலயும் டிக் போட்டிருக்கேன்."

"ஏன்டி பொய் சொன்னே?"

ஷ்வேதா திரும்பினாள். "பொய்யா? என் மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் டிக் போட்டேன். தமிழ்ல தொண்ணூத்தாறு. நீ போட்ட மார்க்."

வேலம்மாளுக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. பிள்ளைக்கு முதல் மார்க் போட்ட அன்றைக்கு அவள் தெருவெல்லாம் லட்டு கொடுத்தவள்.

சுப்பையா அந்தக் கனத்தைக் குறைக்கப் பார்த்தார். "இதுல உன்னை மட்டும் தூக்கில போட முடியாது வேலு. எங்க பம்ப் ஹவுஸ்ல ஒருத்தன் வால்வை ஒடச்சா சஸ்பெண்டு. மொத்த ஷிஃப்ட்டும் ஒடச்சா, வால்வு பழசுன்னு எழுதிடுவான். ஊரே பண்றதுதானே நீ பண்ணினது?" சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். சொன்ன பேச்சு அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டதை அவர் பார்க்கவில்லை.

ஷ்வேதா அம்மா பக்கத்தில் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "வழியெல்லாம் யோசிச்சிட்டுதான் வந்தேன். நான் டூல் சொல்லிக் குடுக்கத்தான் போனேன். தமிழுக்கு மார்க் போடறது என் வேலையில்ல. டூல்ல நீ பாஸ். அதுல பொய்யே இல்ல. நான் சொல்றேன், நீ எழுது."

வேலம்மாள் எழுதினாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள்.

'ஆசிரியை வேலம்மாள் இணையவழிக் கருவிகளை நன்றாகப் பயன்படுத்துகிறார். பிள்ளைகளின் வாசிப்பு சிறப்பாக உள்ளது. எழுத்துப் பயிற்சி குறைவாக உள்ளது. அதற்கு அவகாசம் கொடுத்தால் சரி செய்யலாம்.'

நாலே வரி. யாரையும் கடிக்காத நாலு வரி. ஆனால் எழுத எழுத வேலம்மாளுக்குப் பயம் கூடியது. அவகாசமாவது கொடுப்பதாவது! அந்த நெற்றி ஒரு நாளும் கொடுக்காது. திங்கள்கிழமை தன்னை வெளியே அனுப்பிவிட்டு, தன் நாற்காலியில் சுபாஷிணியை உட்காரவைத்து, அவளிடமே பிள்ளைகளையும் ஒப்படைப்பார்கள். அவள் அதே கீழ் வரியை அதே போர்டில் எழுதுவாள்.

ஷ்வேதாவின் போன் அடித்தது. "ஜி சார்... ஜி, பஸ் தோ மினட்," என்று ரெண்டு நிமிஷம் அவகாசம் கேட்டுக்கொண்டே அவள் பால்கனிக்குப் போனாள்.

வேலம்மாளின் விரல் தானாக எழுத்துகளைத் தேடியது. எழுதிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அழித்துவிடலாம். எழுதினால் நெஞ்செரிச்சலாவது அடங்கும்.

'இந்தி எழுத்தில் தமிழ் படிக்கவைக்கும் பழக்கம் இப்பள்ளியின் எல்லா ஆசிரியைகளிடமும் உள்ளது என்று விசாரித்ததில் தெரிகிறது. இதைத் தொடங்கி மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியை சுபாஷிணி.'

பார்த்தாள். நெஞ்செரிச்சல் அடங்கத்தான் செய்தது. இது போய்ச் சேர்ந்தால் அடுத்த நிமிஷம் சுபாஷிணி ஷ்வேதாவின் கம்பெனிக்குப் போன் போடுவாள் என்பதும் தெரிந்தது. அழிக்கும் பொத்தான் எங்கே என்று தேடினாள். வலது பக்கம் மேலே. ஷ்வேதா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"ஜல்தி ஜல்திம்மா, அர்விந்த் உயிரை எடுக்கறார்." ஷ்வேதா வந்து பக்கத்தில் விழுந்தாள். "எழுதிட்டியா? படி, கேப்போம்."

வேலம்மாள் படித்தாள். மகள் சொன்ன நாலு வரியையும் ஒரு சொல் விடாமல் படித்தாள். அதோடு நிறுத்தினாள்.

"அவ்ளோதான்."

ஷ்வேதா திரையை எட்டிப் பார்த்தாள். "கீழ இன்னும் ஏதோ இருக்கே?"

"அது... நன்றி, வணக்கம் எல்லாம். தமிழ்ல எழுதினா அதெல்லாம் போடணும்."

"இவ்ளோ நீளமாவா?"

"மரியாதைன்னா நீளமாத்தான் இருக்கும்."

"பாபா! இந்தத் தமிழ்ல ஒரு வணக்கத்துக்கே ஒரு பக்கம் வேணும் போல." சிரித்துக்கொண்டே ஷ்வேதா லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்தாள். இப்போது சொல்லிவிடலாம். இந்தா, அதுல கடைசி ரெண்டு வரியை அழிக்கணும்னு சொன்னால் போதும். வேலம்மாள் லேப்டாப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

ஷ்வேதா கடைசி வரிக்குக் கீழே, விரலைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அவளுக்கு எழுத வந்த தமிழ் அது ஒன்றுதான்.

"சரியா இருக்கா, பாரு?"

வேலம்மாள் பார்த்தாள். சுபாஷிணியின் பெயருக்கு நேர் கீழே மகளின் பெயர், ஒரு புள்ளி பிசகாமல் நின்றது.

"சரியா இருக்கு," என்றாள்.

ஷ்வேதா அழுத்தினாள். லேப்டாப் விஷ்க்கென்று ஒரு சத்தம் போட்டது.

"போயிடுச்சு. முடிஞ்சது. எழுந்து வா, ரெண்டு பேருமே காலையிலேர்ந்து சாப்பிடல." அடுக்களைக்குப் போய்த் தட்டுகளை எடுத்தாள். அன்றைக்கு முதல்முறையாக ஏதோ ஒரு இந்திப் பாட்டை முணுமுணுத்தாள்.

வேலம்மாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஷ்வேதா..."

"ம்?"

"அனுப்பினதைத் திரும்ப எடுக்க முடியுமாடி?"

பாட்டு நின்றது. தட்டும் கையுமாக ஷ்வேதா அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"எதுக்கும்மா?"